யுஸ்ஸி பியோர்லிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருக்காவது பியோர்லிங்கின் பாட்டு ஒன்றை அனுப்பினால் மறுநாளே கேள்விகள் வரத் தொடங்கிவிடும். யார் இவர், என்ன மொழியில் பாடுகிறார், ஏன் அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தார், எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். ஓபரா என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

யார் இந்த யுஸ்ஸி பியோர்லிங்?

ஸ்வீடன் நாட்டு ஓபரா பாடகர் (ஓபரா என்பது பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகம்; அதை நடத்தும் நிறுவனத்துக்கும் அதே பெயர்தான்). டெனர். 1911 பிப்ரவரி மாதம் டாலர்னா பகுதியில் உள்ள போர்லேங்கே என்ற ஊரில் பிறந்தார். 1960 செப்டம்பர் 9 அன்று, 49 வயதில் இறந்தார். பதிவேட்டுப் பெயர் யோஹான் யோனாத்தான். அப்பாவைப் பெற்ற பாட்டி ஃபின்லாந்துக்காரர். அந்த ஊர் வழக்கப்படி பேரனை அவர் கூப்பிட்ட செல்லப்பெயர்தான் யுஸ்ஸி. அந்தப் பெயரே உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.

ஸ்டாக்ஹோம் ராயல் ஓபராவில் வளர்ந்து, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் நட்சத்திரமாக இருந்தவர். இருபதாம் நூற்றாண்டின் பெரிய டெனர்களை எண்ணச் சொன்னால் அநேகமாக எல்லோருடைய பட்டியலிலும் முதல் சில பெயர்களுக்குள் வந்துவிடுவார்.

டெனர் என்றால் என்ன?

ஆண் குரல்களில் உயர்ந்த ஸ்தாயியில் பாடும் வகை. அதற்குக் கீழே பாரிடோன், இன்னும் கீழே பாஸ். ஓபராவில் காதலன், கவிஞன், இளவரசன் போன்ற வேடங்கள் பெரும்பாலும் டெனருக்கே போகும்.

எவ்வளவு உயரம் என்பதை நம் கணக்கில் சொல்கிறேன். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆதார ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு முழு ஸ்தாயி ஏறினால் வருவதுதான் டெனர்களின் ‘ஹை சி’. சுமார் 523 ஹெர்ட்ஸ். அதை மெல்லிய பொய்க்குரலில் தொட்டுவிட்டு வந்தால் போதாது. முழுக்குரலில், சொல்லோடு சேர்த்து நிறுத்திப் பாட வேண்டும். பியோர்லிங் அதற்கும் அரைச்சுரம் மேலே போயிருக்கிறார். ரொசீனியின் ‘ஸ்டாபாட் மாட்டர்’ படைப்பில் வரும் ‘குயூஸ் ஆனிமம்’ பகுதியை 1938இல் பதிவு செய்தார், அதில் அதைக் கேட்கலாம்.

மைக் இல்லாமலா அத்தனை பேருக்குக் கேட்கும்?

ஆமாம், மைக் கிடையாது. அந்தக் காலத்து மெட்ரோபாலிட்டன் அரங்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். பாடகருக்கு முன்னால் பள்ளத்தில் முழு இசைக்குழு. அதைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும்.

கத்தி அதைச் சாதிக்க முடியாது, ஒரே மாதத்தில் தொண்டை போய்விடும். இதன் சூட்சுமத்தை 1970களில் விளக்கியவர் யோஹான் சுண்ட்பர்க் என்ற விஞ்ஞானி. அவரும் ஸ்வீடன்காரர்தான். இசைக்குழுவின் ஒலி வலு பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிந்திருக்கிறது. பயிற்சி பெற்ற ஓபரா பாடகரோ தொண்டையின் வடிவத்தை மாற்றி, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் ஒரு தனிக் கூர்மையை உண்டாக்குகிறார். அந்த இடத்தில் இசைக்குழுவுக்கு வலு குறைவு. அதனால் குரல் அந்தச் சந்து வழியாக வெளியே வந்துவிடுகிறது. இத்தாலியர்கள் இதை ‘ஸ்குவில்லோ’ என்பார்கள். மணி அடித்தது போன்ற கணீர் என்று வைத்துக்கொள்ளலாம். பியோர்லிங்கின் குரல் அளவில் பெரியது இல்லை. ஆனால் இந்தக் கணீர் அவரிடம் ஏராளமாக இருந்தது.

எப்போது பாட ஆரம்பித்தார்?

நாலு வயதில். அவர் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அப்பா டேவிட் பியோர்லிங்கும் டெனர். பிழைப்புக்காக அமெரிக்கா போய், நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டனின் ஓபரா பள்ளியில் படித்தவர். பெரிய மேடை வாழ்க்கை அவருக்கு அமையவில்லை. ஆனால் குரலை எப்படி வளர்ப்பது என்பதில் அவருக்குத் தீர்மானமான கருத்துகள் இருந்தன, பாடும் முறை பற்றி ஒரு சிறு புத்தகமே எழுதினார். அந்த நாளில் பிள்ளைகளின் தொண்டை முதிரும்வரை முறையான பயிற்சி கூடாது என்பதுதான் பொதுவான எண்ணம். டேவிட் அதை ஏற்கவில்லை. ஊலெ, யுஸ்ஸி, யோஸ்டா என்ற மூன்று மகன்களையும் பேச்சு திருந்தி வரும் வயதிலேயே உட்கார வைத்துப் பாடச் சொல்லிக்கொடுத்தார். மூச்சை எங்கே எடுப்பது, எப்படிச் செலவழிப்பது, உயிரெழுத்தை எப்படித் திறந்து வைப்பது என்று தினமும் பாடம்.

1915 டிசம்பரில் ஓரெப்ரு நகரத்தில் முதல் கச்சேரி. அப்பாவும் மூன்று பையன்களும் சேர்ந்து ‘பியோர்லிங் நால்வர்’. பிறகு ஊர் ஊராகப் பயணம். தேவாலயம், மன்றம், கிடைத்த மேடை எல்லாவற்றிலும் பாடினார்கள். 1917இல் அம்மா எஸ்டர் இறந்துவிட்டார். இனி பிள்ளைகளை வளர்ப்பதும் அப்பா, பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும் அப்பா, கச்சேரிக்கு ஏற்பாடு செய்வதும் அப்பா. 1919இல் நால்வரும் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். அங்கே குடியேறியிருந்த ஸ்வீடன் மக்களின் ஊர்களில் சுமார் ஒன்றரை வருடம் பாடினார்கள். அந்தக் காலப் புகைப்படங்களில் டாலர்னாவின் பாரம்பரிய உடையில் மூன்று பொடியன்கள் வரிசையாக நிற்பார்கள், பின்னால் அப்பா.

1920 தொடக்கத்தில் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்துக்காக மூன்று பையன்களும் இசைத்தட்டுக்குப் பாடினார்கள். யுஸ்ஸிக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது. கரகரப்புக்கு நடுவே கேட்டுப் பாருங்கள். சிறுவர் குழுப் பாடல்களில் வழக்கமாக இருக்கும் மெலிசான காற்றுக்குரல் இல்லை. உடம்பிலிருந்து வருகிற திடமான குரல்கள். வரியின் கடைசிவரை மூச்சு தளராமல் போகிறது. பெரியவனான பிறகு உலகம் ‘இயற்கையாகவே வந்த குரல்’ என்று கொண்டாடியதன் அஸ்திவாரம் அந்தத் தட்டில் இருக்கிறது. பிறவி வரம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால் டேவிட் பியோர்லிங்குக்கு நாம் அநியாயம் செய்கிறோம்.

அப்பாவுக்கு மகனின் புகழைப் பார்க்கக் கொடுத்துவைத்ததா?

இல்லை. டேவிட் 1926இல் காலமானார். யுஸ்ஸிக்கு அப்போது 15 வயது. சகோதரர்கள் கொஞ்ச நாள் சேர்ந்து பாடிப் பார்த்தார்கள். வருமானம் போதவில்லை.

அதற்குப் பிறகு ஓபராவுக்கு எப்படி வந்தார்?

1928இல் ஸ்டாக்ஹோமில் ராயல் ஓபராவின் தலைவர் யோன் ஃபோர்செல் முன்னால் பாடிக்காட்டினார். ஃபோர்செல் புகழ்பெற்ற பாரிடோன், கறாரான ஆசிரியர். 17 வயதுப் பையனின் குரலைக் கேட்டதும் தன் மாணவனாக எடுத்துக்கொண்டார். துல்லியோ வோகேரா என்ற இத்தாலியரிடம் இத்தாலியப் பாடல்களின் நடையையும் பழகினார். 1929லேயே தனிக்குரலாக இசைத்தட்டுக்குப் பாடத் தொடங்கிவிட்டார்.

1930 ஜூலையில் புச்சீனியின் ‘மனோன் லெஸ்கோ’ ஓபராவில் தெருவிளக்கு ஏற்றுபவனாகச் சில நிமிடம் மேடையில் வந்தார். அடுத்த மாதமே மொசார்ட்டின் ‘டான் ஜியோவான்னி’யில் டான் ஒட்டாவியோ. முறையான அரங்கேற்றம் அதுதான். 19 வயதில் அந்த வேடம்! மூச்சை மிகவும் சோதிக்கிற நீண்ட வரிகள் கொண்டது, முதிர்ந்த பாடகர்களே பயந்து பயந்து தொடுவார்கள்.

எந்த மொழியில் பாடினார்?

ஸ்டாக்ஹோமில் எல்லாமே ஸ்வீடிஷ். வெர்டி, புச்சீனி, கூனோ, யார் இசையமைத்த ஓபராவாக இருந்தாலும் மொழிபெயர்ப்பில்தான் பாடுவார்கள். அப்படி எட்டு வருடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வேடங்கள் செய்தார். வெளிநாட்டு மேடைகளுக்காக அவற்றையே இத்தாலிய மொழியிலும் பிரெஞ்சிலும் திரும்பக் கற்றுக்கொண்டார். கச்சேரிகளில் ஜெர்மன் பாடல்களும் ஆங்கிலப் பாடல்களும் உண்டு.

சினிமாப் பாட்டு மாதிரி மெல்லிசையும் பாடினாராமே?

பாடினார். 1930களின் தொடக்கத்தில் எரிக் ஊட்டெ என்ற புனைபெயரில் நடனப் பாடல்களும் ஜனரஞ்சகப் பாடல்களும் இசைத்தட்டுக்குப் பாடியிருக்கிறார். ராயல் ஓபராவில் இருக்கிற பையன் சொந்தப் பெயரில் அதையெல்லாம் பாட முடியாதே. இளம் பாடகனுக்குச் சம்பளம் குறைவு, இது கைச்செலவுக்கு. கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் எப்படி இவ்வளவு பெரிய பெயர் வந்தது?

1936இல் வியன்னாவில் பாடியதும் வெளியே பேச்சு பரவியது. 1937இல் நியூயார்க் கார்னகி ஹால், சிகாகோ. 1938 நவம்பர் 24 அன்று மெட்ரோபாலிட்டனில் முதல் தடவை. புச்சீனியின் ‘லா போஎம்’, ரொடோல்ஃபோ வேடம். அன்று அவன் காதலி மிமியாகப் பாடிய இத்தாலிய சொப்ரானோ (பெண் குரல்களில் உயர்ந்த வகை) மஃபால்டா ஃபவேரோவுக்கும் அந்த மேடையில் அதுதான் முதல் இரவு. பியோர்லிங்குக்கு 27 வயது. கண்டக்டர், அதாவது இசைக்குழுவை வழிநடத்துபவரான டோஸ்கனினி 1940இல் கார்னகி ஹாலில் வெர்டியின் ‘ரெக்வியம்’ என்ற இறந்தோருக்கான பிரார்த்தனை இசையை நடத்தியபோது டெனராக அழைத்ததும் இவரைத்தான்.

பிறகு உலகப்போர் குறுக்கே வந்தது. 1941 முதல் போர் முடியும்வரை பெரும்பாலும் ஸ்வீடனிலேயே இருந்தார். 1944இல் அரசவைப் பாடகர் பட்டம் கிடைத்தது. 1945இல் மீண்டும் நியூயார்க். 1950இல் ருடால்ஃப் பிங் மெட்ரோபாலிட்டன் நிர்வாகத்தை ஏற்றபோது, அங்கே பல வருடங்களாக மேடையேறாத வெர்டியின் ‘டான் கார்லோ’வைத் திறப்பு நாளுக்கு எடுத்தார். கார்லோவாகப் பாடியவர் பியோர்லிங்.

இவ்வளவுக்கும் நடுவில் கோடைதோறும் ஊருக்குத் திரும்பி ஸ்டாக்ஹோமின் குரோனா லுண்ட் கேளிக்கைப் பூங்காவிலும் ஸ்கான்சென் திறந்தவெளியிலும் பாடுவார். ராட்டினத்துக்கும் மிட்டாய்க் கடைக்கும் வந்த கூட்டம் அப்படியே நின்று கேட்கும். ஸ்வீடன் மக்கள் அவரை இன்றும் வீட்டுப் பிள்ளை மாதிரி ‘யுஸ்ஸி’ என்று மட்டும் சொல்வதற்கு அந்தக் கோடைகள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

அவருக்கு நடிக்கவே வராது என்கிறார்களே?

அப்படி ஒரு விமர்சனம் அவர் காலத்திலேயே உண்டு. குட்டையான, பருத்த உருவம். மேடையில் வந்து நின்றார் என்றால் நின்ற இடத்திலேயே பாடுவார். ஒத்திகைகளில் அவ்வளவு அக்கறை காட்டாதவர் என்று நிர்வாகிகள் குறைப்பட்டதும் உண்டு.

மேடையில் அவரைப் பார்த்தவர்கள் சொன்னதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் நமக்கு இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒலிதான். அந்த ஒலியில் நடிப்பு குறைவு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். உருக்கத்துக்காக விம்முவது, அழுவது போல் குரலை உடைப்பது என்று பல டெனர்களுக்குப் பழக்கம் உண்டு. இவர் அதை அநேகமாகச் செய்யவே மாட்டார். சோகம் சுரத்தின் நிறத்திலேயே இருக்கும்.

அப்படி என்ன விசேஷம் அந்தக் குரலில்?

ஒரு பாட்டை எடுத்துச் சொன்னால் புரியும். ‘லா போஎம்’ முதல் அங்கத்தில் வரும் ‘கே ஜெலிடா மனினா’. ‘எவ்வளவு சில்லென்று இருக்கிறது இந்தச் சின்னக் கை’ என்று பொருள். குளிர்கால இரவு, விளக்கு அணைந்துவிட்டது. தரையில் சாவியைத் தேடும் பக்கத்து அறைப் பெண்ணின் கை இருட்டில் ரொடோல்ஃபோவின் கையில் படுகிறது. தாமஸ் பீச்சம் நடத்தி, விக்டோரியா டெ லோஸ் ஆங்ஹெலெஸ் மிமியாகப் பாடிய 1956ஆம் வருட நியூயார்க் பதிவைக் கேளுங்கள்.

முதல் அடியை புச்சீனி கிட்டத்தட்ட ஒரே சுரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். ராகம் எங்கும் நகராது, பேசுகிற மாதிரி அசைகள் மட்டும் நகரும். பல பாடகர்கள் இங்கே சும்மா கடந்துபோய், பின்னால் வரும் பெரிய சுரத்துக்குத் தெம்பைச் சேர்த்து வைப்பார்கள். பியோர்லிங்கிடம் அந்த ஒற்றைச் சுரமே உயிரோடு இருக்கும். ஒவ்வோர் அசைக்கும் அழுத்தம் மாறும், ஆனால் அடியில் ஓடும் மூச்சு அறாது. தாரையாக எண்ணெய் ஊற்றுவது போல. தன்னை யார், என்ன தொழில் என்று அறிமுகம் செய்துகொண்டு போகப் போகக் குரல் விரிகிறது. ‘ஸ்பெரான்சா’, அதாவது நம்பிக்கை என்ற சொல்லில் ஹை சி வருகிறது. அங்கே படியேறி மூச்சு வாங்குகிற சத்தம் எதுவும் இல்லை. கீழே இருந்த அதே குரல், அதே நிறம், மேலே போய் இன்னும் வெளிச்சமாக நிற்கிறது.

கீழ்ஸ்தாயிக்கும் மேல்ஸ்தாயிக்கும் நடுவில் ஆண் குரல் கியர் மாற்றுகிற இடம் ஒன்று உண்டு. டெனர்களின் தலைவலியே அதுதான். இவரிடம் அந்தத் தையல் வெளியே தெரியாது. நாலு வயதில் தொடங்கிய பாடத்தைப் பற்றி மேலே இவ்வளவு எழுதியது இதற்காகத்தான்.

இலங்கையோடு அவருக்கு ஏதோ சம்பந்தம் என்று படித்தேனே?

அவருக்கு இல்லை, அவருடைய மிகப் பிரபலமான பதிவுக்கு உண்டு. 1951 ஜனவரியில் அமெரிக்க பாரிடோன் ராபர்ட் மெரில்லுடன் சேர்ந்து பாடிய ‘ஓ ஃபோன் து தாம்ப்ள சேன்’ என்ற பிரெஞ்சு டூயட். ஜார்ஜ் பிஸே 24 வயதில் எழுதி, 1863இல் பாரிஸில் மேடையேறிய ‘முத்துக் குளிப்பவர்கள்’ ஓபராவில் வருவது. அந்த ஓபராவின் கதை நடப்பது இலங்கைக் கடற்கரையில்.

முதலில் மெக்சிகோவில் நடப்பதாக யோசித்துப் பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். அதனால் மன்னார் பக்கத்து முத்துச் சலாபத்தை நேரில் அறிந்தவர்கள் எழுதிய கதை என்று நினைக்க வேண்டாம். பாத்திரங்களின் பெயர் நாதிர், சுர்கா, லெய்லா. எல்லோரும் பிரம்மாவைக் கும்பிடுகிறார்கள். நம் ஊர்க் கடலோர வாழ்க்கையின் சாயல் ஒன்றும் இதில் கிடைக்காது. ஆனாலும் முத்துக்குளிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குள் ஒன்று அசைகிறது, இல்லையா? எனக்கு இந்தப் பாட்டில் முதலில் ஒட்டிக்கொண்டது அதுதான்.

பாட்டின் சந்தர்ப்பம் இது. வெகுநாள் கழித்துச் சந்திக்கிற இரண்டு நண்பர்கள். முன்பு கண்டிக் கோயிலில் முக்காடிட்ட ஒரு பெண்ணை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள், இருவருமே மயங்கினார்கள், நட்பு முறியப் பார்த்தது. அந்த நாளை நினைத்துப் பார்த்து, இனி நம்மை யாரும் பிரிக்க முடியாது என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள். யாழ் போன்ற ஹார்ப்பும் புல்லாங்குழலும் முதலில் தொடங்கும். பியோர்லிங் மிக மெதுவாக உள்ளே வருவார், கண்ணால் காண்பதை நண்பனுக்குக் கிசுகிசுப்பது போல. மெரில்லின் குரல் அகலமானது, வெதுவெதுப்பானது. இருவரும் சேரும் இடத்தில் ஒருவர் மற்றவரை மிஞ்சப் பார்ப்பதே இல்லை. பிரிட்டனில் வானொலி நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் பல பத்தாண்டுகள் முன்னணியில் இருந்த பாட்டு இது. ஓபரா பிடிக்காது என்பவர்களுக்கும் நான் முதலில் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

குடிப்பழக்கம் இருந்தது உண்மையா?

உண்மை. குடிநோய் என்றே சொல்ல வேண்டும். மனைவி அன்னா-லீசா பின்னாளில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மாதக்கணக்கில் தொடாமல் இருப்பார், பிறகு கட்டு மீறிப் போகும். ரத்தான கச்சேரிகள் உண்டு, வீட்டில் பட்ட துயரம் உண்டு.

குடித்ததால்தான் அந்த ஏக்கம் குரலில் வந்தது என்று சிலர் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு கொஞ்சமும் பிடிக்காது. நல்ல பாட்டெல்லாம் அவர் தெளிவாக இருந்த நாட்களில் பாடியது. நோய் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை, பாடியிருக்கக்கூடிய வருடங்களை எடுத்துக்கொண்டது.

மாரடைப்போடு மேடையில் பாடினார் என்பது கட்டுக்கதையா?

நடந்தது. இதய நோய் முன்பிருந்தே இருந்தது. 1960 மார்ச் 15, லண்டன் கோவென்ட் கார்டன். ‘லா போஎம்’. அரங்கில் ராணித் தாயார் வந்து உட்கார்ந்திருக்கிறார். திரை விலகும் முன் பியோர்லிங்குக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. சுமார் அரைமணி நேரம் தாமதம். பாட வேண்டாம் என்று நிறுத்தியிருக்கலாம். அவர் எழுந்து போய் நான்கு அங்கங்களையும் பாடி முடித்தார். மூன்று நாள் கழித்து அதே வேடத்தை மறுபடியும் பாடினார்.

வீரக்கதையாக இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அன்று யாராவது அவரைக் கட்டாயப்படுத்திப் படுக்க வைத்திருக்கக் கூடாதா என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது.

ஜார்ஜ் ஷோல்ட்டியோடு என்ன தகராறு?

1960 ஜூலையில் ரோமில் வெர்டியின் ‘உன் பாலோ இன் மாஸ்கெரா’வைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். கண்டக்டர் ஷோல்ட்டி. ஒத்திகை, காலப்பிரமாணம் போன்றவற்றில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. யார் பக்கம் நியாயம் என்பதில் ஆளுக்கொரு கதை. வேலை நின்றுபோனது. பிறகு டெனர் வேடத்தை கார்லோ பெர்கோன்ஸி பாடி அந்தப் பதிவு முடிந்தது.

டெனர்களில் கரூசோ பெரியவரா, பவரோட்டி பெரியவரா, இவரா?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். மூன்று பேரையும் ஒரே பாட்டில் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

குடும்பம்?

அன்னா-லீசா பெர்க் சொப்ரானோ பாடகி. ஸ்டாக்ஹோமில் படிக்கும்போது பழக்கம், 1935இல் திருமணம். கணவனோடு சேர்ந்து பாடியும் இருக்கிறார். 1951இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கூனோவின் ‘ரோமியோ ஜூலியட்’டில் இவர் ரோமியோ, அவர் ஜூலியட். ஆனால் தன் மேடை வாழ்க்கையின் பெரும்பகுதியை வீட்டுக்காக விட்டுக்கொடுத்தவர் அவர்தான். யுஸ்ஸியின் மகன் ரோல்ஃபும் டெனரானார். 1994 முதல் போர்லேங்கேயில் யுஸ்ஸி பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லறை பக்கத்திலேயே ஸ்டோரா டூனா தேவாலய வளாகத்தில்.

கடைசியாகப் பாடியது எப்போது?

1960 ஆகஸ்ட் 5 அன்று கோதன்பர்க்கில், தன் பழைய தோழரான நில்ஸ் கிரெவிலியுஸ் நடத்த, வாக்னரின் ‘லோஹெங்க்ரின்’ ஓபராவிலிருந்து ஒரு பகுதியை ஸ்வீடிஷ் மொழியில் பாடினார். அந்த வேடத்தை மேடையில் அவர் பாடியதே இல்லை. பதிவு இருக்கிறது. ஆகஸ்ட் 20 அன்று ஸ்கான்சென் கச்சேரி. அதோடு சரி. செப்டம்பர் 9 அன்று ஸ்டாக்ஹோமை ஒட்டிய தீவுக்கூட்டத்தில், சியாரோ தீவில் இருந்த தன் கோடை வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

முதலில் மெரில்லுடன் பாடிய டூயட். அப்புறம் பீச்சமின் ‘லா போஎம்’, முழுதாக. பியானோ மட்டும் துணைக்கு வைத்துப் பாடுவதைக் கேட்க 1955 செப்டம்பர் கார்னகி ஹால் கச்சேரி. பியானோ ஃபிரெடெரிக் ஷாவெக்கர். ஸ்வீடிஷ் பாடல்களில் ‘டோனர்னா’. சின்னப் பாட்டு, மொழி புரியாவிட்டாலும் ஒன்றும் குறையாது. நேரடி ஓபரா வேண்டுமென்றால் யோர்டிஸ் ஷும்பெர்க்குடன் 1943இல் ஸ்டாக்ஹோமில் பாடிய ‘ரோமியோ ஜூலியட்’. ஒலித்தரம் சுமார்தான், ஆனால் 32 வயதுக் குரல்.

கொஞ்சம் பழகிய பிறகு ஓர் இரவு நேரம் ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். வெர்டியின் ‘ரெக்வியம்’ படைப்பில் ‘இஞ்ஜெமிஸ்கோ’ என்று டெனருக்கு ஒரு தனிப்பகுதி உண்டு. குற்றவாளியாய் நின்று முனகுகிறேன், வெட்கத்தில் முகம் சிவக்கிறது, இறைவா, மன்றாடுகிறவனைத் தள்ளிவிடாதே என்று இறைஞ்சும் லத்தீன் வரிகள், மூன்று நான்கு நிமிடம்தான். அதை அவர் 1938இல் தனித்தட்டாகப் பாடியிருக்கிறார். 1940இல் டோஸ்கனினியோடு பாடியிருக்கிறார். 1960 ஜூனில் வியன்னாவில், லண்டனில் நெஞ்சுவலி வந்து மூன்று மாதம் கழித்து, ஃபிரிட்ஸ் ரைனர் நடத்தப் பாடியிருக்கிறார். மூன்றையும் இதே வரிசையில், நடுவில் வேறு எதுவும் போடாமல் கேளுங்கள்.